பாலடினுக்கு எந்த இனம்?

ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து வெளியே வரும் தாளுக்கு முதல் ஒரு நிமிடம் மட்டும் இளஞ்சூடும், லேசாகக் கருகிய மாதிரி ஒரு வாசனையும் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையின் முதல் வாரத்தில், கேளம்பாக்கம் கூட்டுரோட்டுக் கடை ஒன்றில் அப்படியொரு தாளை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தாள் முழுக்கக் கட்டங்கள். முதல் கட்டம் பெயருக்கு. இரண்டாவது கட்டத்துக்கு மேலே 'ரேஸ்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அந்த ஒரு கட்டத்தை நிரப்ப எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன.

அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னவள் வர்ஷா. எங்கள் வகுப்புத்தான், ஓஎம்ஆர் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருந்தாள். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த அவளுடைய பெரியம்மா மகன் விடுமுறைக்கு வந்தபோது, ஒரு கனமான புத்தகத்தையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். நான்கு முகப் பகடை, எட்டு முகப் பகடை, இருபது முகப் பகடை என்று கண்ணாடிக் கற்கள் மாதிரி இருக்கும். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரராக நுழைந்து, நான் இதைச் செய்கிறேன், அங்கே போகிறேன் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். கதை சொல்பவள் வர்ஷா. விளையாடுபவர்கள் நானும், கோவளத்திலிருந்து பஸ்ஸில் வரும் சாதிக்கும். சாதிக்கின் அப்பாவுக்கு மீன் வியாபாரம். என் அப்பா கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினார்.

சாதிக் ஐந்தே நிமிடத்தில் எல்ஃப் என்ற கூர்க்காதுக் காட்டு இனத்து வில்லாளியாகிவிட்டான். "தூரமா நின்னுகினு அம்பு வுடலாம், அடி படாது" என்பது அவன் கணக்கு. அப்படியானால் முன்னால் நின்று அடி வாங்க ஓர் ஆள் வேண்டும் என்று வர்ஷா எனக்குப் பாலடின் வேலையைக் கொடுத்தாள். பாலடின் என்றால் ஒரு சத்தியம் எடுத்துக்கொண்டு அதற்குக் கட்டுப்பட்டுச் சண்டை போடுபவர். கூட வருபவர்களைக் காப்பது அவர் பொறுப்பு. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் பாலடின் எந்த இனத்தில் பிறந்தவள் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

புத்தகத்தின் அந்தப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். மனித இனம் என்றால் எல்லாத் திறமையிலும் ஒவ்வொரு மதிப்பெண் கூடும். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. அரை ஓர்க், அதாவது மனிதருக்கும் ஓர்க் என்ற முரட்டு அரக்க இனத்துக்கும் பிறந்தவள் என்றால், பலத்தில் இரண்டும் உடல் உறுதியில் ஒன்றும் கூடும். அதோடு, அடித்துக் கீழே தள்ளினாலும் ஒரு முறை செத்துப்போகாமல் எழுந்து நிற்கலாம். முன்னால் நின்று அடி வாங்குபவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பென்சிலால் எழுதி எழுதி அழித்துப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அரை ஓர்க்தான் முன்னால் நின்றது.

சவாரிக்கு நடுவில் சாப்பிட வந்த அப்பா என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, பரீச்சதான் முடிஞ்சிடுச்சே. இன்னும் இன்னா கணக்கு போட்டுகினு கீற?"

"ரேஸுப்பா."

"ஓட்டப்பந்தயமா? எங்க?"

"அது இல்லப்பா. வெளையாட்டுல நான் எந்த இனத்து ஆளுன்னு எழுதணும்."

அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "நாமளே எழுதிக்கலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நல்லதா ஒண்ணு எட்த்துக்கோ. அதுக்கு எதுக்கு நாலு நாளு?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான்கு நாள் ஆனதற்குக் காரணம் புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு பத்தி. அரை ஓர்க்குகளை ஊர்க்காரர்கள் சந்தேகமாகவே பார்ப்பார்கள் என்றும், அவர்கள் தங்களை நிரூபித்துக் காட்டினால்தான் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்றும் அதில் போட்டிருந்தது. வர்ஷாவும் அதையே சொன்னாள். "ஹாஃப் ஓர்க் வேணாம் ரூபி. சத்திரத்துல ரூம் தர மாட்டாங்க, கடைல பொருள் தர மாட்டாங்க. ஒவ்வொரு ஊர்லயும் உனக்குத் தனியா பிரச்சினை வரும். எதுக்குத் தேவையில்லாம?" அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எதுக்குத் தேவையில்லாம என்று எனக்கும் பட்டது. பதினான்கு வயதில் ஒரு பெண்ணுக்கு வரக்கூடாத ஓர் அலுப்பு அது. விளையாடப் போகிற இடத்திலும் யார் என்னை உள்ளே விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? கட்டத்தில் 'மனிதர்' என்று எழுதினேன். பெயர் செரா. ஆறு திறமைகளுக்கும் பங்கிட வேண்டிய ஆறு மதிப்பெண்களில் ஆகக் குறைந்ததான எட்டை அறிவில் போடச் சொன்னாள் வர்ஷா. பாலடினுக்கு அறிவு அவ்வளவாகத் தேவைப்படாதாம். வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவளுக்கு அது வேறு வருத்தம்.

முதல் நாள் ஆட்டத்துக்கு நடுவில் வர்ஷாவின் அம்மா ரோஸ்மில்க் கொண்டுவந்தார். மென்மையாகப் பேசுகிறவர், யாரையும் 'டீ' போட்டுக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாவுக்குச் சொந்த ஊரே கேளம்பாக்கம்தானாம்மா?" என்றார்.

"இல்ல ஆண்ட்டி. மாமல்லபுரம்."

"மாமல்லபுரத்துல எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு கிட்ட."

இரண்டும் பொய். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. என் அப்பாவின் அப்பா காலம் வரைக்கும் எங்கள் ஆட்கள் பிறருடைய நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி எந்தப் பக்கம் என்றுதான் வரும். காலனி என்று சொன்னால் அதற்குப் பிறகு கேள்வியே வராது. வீட்டில் யாரும் பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தானாக வாயில் வந்து நின்றது.

ரோஸ்மில்க் எனக்கும் வர்ஷாவுக்கும் கண்ணாடி டம்ளரில் வந்தது. சாதிக்குக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அன்று அதை நான் பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். சாதிக் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கி ஜன்னலோரக் குப்பைக்கூடைக்குள் எறிந்து, "கோல்" என்பான். நான் என்னுடையதைக் குடித்தேன். என் கையில் கண்ணாடி டம்ளர் இருக்கிறதே என்ற நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது.

மற்றபடி அந்த மூன்று வாரங்களும் நன்றாக இருந்தன. செரா பாலத்தில் நின்று ஓநாய்க் கூட்டத்தைத் தடுத்தாள். சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை வெளியே கொண்டுவந்தாள். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார்.

பிறகு ஒருநாள் மாலை அப்பா அந்தப் பக்கம் சவாரி இறக்கிவிட்டு, என்னையும் கூட்டிப்போகலாம் என்று வாட்ச்மேனிடம் வழி கேட்டு மேலேயே வந்துவிட்டார். காக்கிச் சட்டையோடு கதவுக்கு வெளியே நின்றவரை வர்ஷாவின் அம்மா சிரித்த முகத்தோடு வரவேற்றார். "ரூபி நல்லா படிக்கிற பொண்ணு. நீங்க மாமல்லபுரம்தானே? எங்க தம்பி வீடும் அங்கதான் இருக்கு."

"இல்லீங்கம்மா. திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ள போவணும்" என்று அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அப்படியா? அங்க எந்தத் தெரு?"

"தெரு இல்லீங்கம்மா. காலனி."

அப்பா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ் ரூட் சொல்வது மாதிரி. வர்ஷாவின் அம்மாவின் சிரிப்பு மாறவில்லை. "சரிங்க" என்றார். அவ்வளவுதான். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆட்டோவில் முன்சீட்டில் அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"மாமல்லபுரம்னு சொல்லிக்கிறியா?"

"ம்."

திட்டுவார் என்று நினைத்தேன். ஏன் என்றாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தார், கியரை மாற்றினார்.

"சரி. அட்த்த வாட்டி எனக்கும் சொல்லிடு பாப்பா. நானும் அதையே சொல்லிடறேன்."

அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. அதற்கப்புறம் அப்பா அந்த நான்காவது மாடிக்கு ஏறவே இல்லை. வந்தால் கேட்டுக்கு வெளியே வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஹாரன் அடிப்பார், நான் இறங்கிப் போவேன்.

அடுத்த ஆட்டத்தன்று தட்டில் ஒரு கண்ணாடி டம்ளரும் இரண்டு பேப்பர் கப்பும் வந்தன. வர்ஷா கவனிக்கவில்லை, புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சாதிக் கவனித்தான். தன் கப்பை என் கப்பின் மேல் லேசாக முட்டி, "வா, வா. நம்ம டீமுக்கு ஒரு ஆளு வந்துச்சு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிச் சிரித்தான். அவன் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறான்; நான் கவனித்ததையும் கவனித்திருக்கிறான். எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல் குடித்து முடித்தேன்.

அன்றைக்கே வர்ஷாவிடம், "நான் ரேஸ் மாத்தணும்" என்றேன்.

"ஆரம்பிச்சப்புறம் மாத்த முடியாது ரூபி."

"அப்ப செரா செத்துட்டான்னு வெச்சுக்க. புதுசா ஒரு ஆளு போடறேன்."

"முதல் லெவல்லேர்ந்து வரணும். மூணு வாரம் வேஸ்ட்."

"பரவால்ல."

புதிய தாளில் 'அரை ஓர்க்' என்று எழுதினேன். பெயர் அஞ்சலை, என் அத்தையின் பெயர். வர்ஷா சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். எட்டை இந்த முறை கவர்ச்சியில் போட்டேன். பாலடினுக்கு அது முக்கியம், மந்திரமெல்லாம் அதில்தான் இருக்கிறது, பெரிய தப்பு என்றாள். யாருக்கும் பிடித்தமானவளாக அவள் இருக்க வேண்டியதில்லை என்று எனக்கு அன்று பட்டது. விளையாட்டாகப் பார்த்தால் அது நிஜமாகவே தப்புத்தான்.

கதையில் நாங்கள் ஒரு கோட்டை நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் காவலர்கள். வர்ஷா புத்தகத்தைப் பார்த்து, பகடையை உருட்டி, "எல்ஃப் உள்ள போகலாம். ஓர்க்க விட மாட்டாங்க" என்றாள். நான் பேசிப் பார்க்கிறேன் என்று பகடை உருட்டினேன். கவர்ச்சியில் எட்டு, ஜெயிக்கவில்லை. சாதிக்கின் வில்லாளி உள்ளே போய்ச் சந்தையில் அம்புகள் வாங்கினான், ஒரு மந்திரவாதியைச் சந்தித்தான். முக்கால் மணி நேரம். எனக்கு முறையே வரவில்லை. நான் ஜன்னல் வழியாக நாவலூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று சாதிக், "நான் வெளிய போறேன்" என்றான்.

"எங்க?"

"கேட்டுக்கு வெளிய. அஞ்சலையாண்ட."

"டேய், ராஜா உன்னைப் பார்க்கணும்னு சொல்லியிருக்காரு. அங்கதான் கதையே இருக்கு."

"தெரியும். நான் வெளியவே கீறேன்."

"அப்ப கதை எப்படி நகரும்?" வர்ஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த நகரத்துக்கு வரைபடம் போட்டிருந்தாள், பாவம். "புக்ல அப்படித்தான் இருக்கு, நான் என்ன பண்ண?"

மதிலுக்கு வெளியே ஓர் எல்ஃபும் ஓர் அரை ஓர்க்கும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பகடையை யாரும் உருட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் வர்ஷா புத்தகத்தை மூடினாள். அடுத்த வாரம் பள்ளி திறந்துவிட்டது. பத்தாம் வகுப்பு, டியூஷன், பரீட்சை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கூடவும் இல்லை.

நான் இப்போது சிறுசேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் என் பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்த பையன் இதே விளையாட்டை வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆட ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். பாலடின் வேண்டும் என்றேன். அரை ஓர்க் என்றேன். "அது இப்போ இல்லக்கா" என்றான். புதிய பதிப்பின் பட்டியலிலிருந்து அரை ஓர்க்கை எடுத்துவிட்டார்களாம். 'ரேஸ்' என்ற சொல்லும் போய்விட்டதாம், வேறு சொல் போட்டிருக்கிறார்களாம். எந்தப் பிறப்பென்றாலும் மதிப்பெண்ணில் வித்தியாசம் வராதாம். "யாருக்கும் சங்கடமா இருக்கக் கூடாதுல்ல" என்று ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னான். நல்ல விஷயம்தான். அதற்குமேல் பேச எனக்குத் தெம்பில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அப்பா ஆட்டோவை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன, இடுப்பு உட்காரவிடவில்லை. வர்ஷா வெளிநாட்டில் இருக்கிறாள். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம். சாதிக் கோவளத்திலேயே அவன் அப்பாவின் மீன் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறான். அரை ஓர்க்கை எடுத்துவிட்ட சேதியைச் சொல்ல அன்று மதியம் அவனைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கோட்டை வாசலில் நீ வெளியே வந்து உட்கார்ந்தாயே என்று ஆரம்பித்தேன்.

"நானா? வெளிய உக்காந்தனா?" என்றான். "எனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல ரூபி. அந்த வூட்ல ஏசி சூப்பரா இருக்கும், அதான் ஞாபகம் கீது. ஏன், இன்னா ஆச்சு?"

ஒன்றும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.