ஆலயத்தில் வாசித்த சீட்டு

ஊரில் ஒரு சேதி பரவ வேண்டுமென்றால் எங்கள் சபையில் தண்டோரா தேவையில்லை, ஜெப விண்ணப்பம் போதும். ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. யாருக்கு என்ன கஷ்டமோ அதைச் சீட்டில் எழுதிப் போட வேண்டியது. ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார், சபை ஜெபிக்கும். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் யாருடைய மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை, யாருடைய மகனைத் துபாயிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் களியக்காவிளை வரை போய்ச் சேர்ந்துவிடும். கேட்டால், "பாரத்தோட ஜெபிக்கத்தானே கேக்கோம்" என்பார்கள். பாரமெல்லாம் காதில்தான்.

அதனால் என் கணவருக்குக் குடலில் புற்றுநோய் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னபோது நான் சீட்டு எழுதவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சளி பிடித்தாலே உயில் எழுதுகிற ஆள். குடல் புண், ஒரு சின்ன ஆபரேஷன் என்றேன். நம்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த மைனியிடம், அதாவது அவருடைய அக்காவிடம், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். மைனியும் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார்.

சோதனை குடும்ப ஜெபத்தில் வந்தது. எங்கள் வீடுகளில் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரித்து, ஆளுக்கொரு ஜெபம் சத்தமாகச் செய்ய வேண்டும். மனதுக்குள் ஜெபிப்பதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அவர் பக்கத்தில் முழங்காலில் இருக்க, நான் எதைக் கேட்பது? மழைக்காக ஜெபித்தேன். போதகருக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக, விலை இறங்கிய ரப்பருக்காக ஜெபித்தேன். மூன்று வாரம். கேட்க வேண்டியது ஒரே ஒரு காரியம், அதை மட்டும் கேட்க வழியில்லை. தனியாக இருக்கும்போது கேட்கலாமே என்றால், பகல் முழுக்கப் பொய் சொன்ன வாய்க்கு அப்போது சொல் வரவில்லை. உறக்கமும் போயிற்று. பெரிய விசுவாசி. பொய் சொல்லக்கூடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு போதகர் நான்காவது சீட்டை எடுத்தார். "குடலில் கேன்சர் பாதித்து, வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நம் சகோதரருக்காக" என்று வாசித்து, பெயரும் சொன்னார். எழுதிப் போட்டவர் மைனி. உடம்பு முடியாத தம்பி அன்று ஆலயத்துக்கு வரமாட்டான் என்று நினைத்தாராம். சபை மொத்தமும் கேட்டாலும் அவன் காதுக்கு மட்டும் போகாது என்று நினைத்திருக்கிறார். என்ன ஒரு அறிவு.

ஆண்கள் பக்கம் எல்லாத் தலையும் அவரை நோக்கித் திரும்பியது. அவர் திரும்பவில்லை. சபையோடு முழங்காலிட்டார். தன் புற்றுநோய்க்காகச் சபையோடு சேர்ந்து ஆமென் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். ஒரு பெரியவர் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்னார். ஒரு அம்மாள், எந்தப் பாவத்தால் வந்தது என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னாள். அவளுடைய மூட்டுவலி எந்தப் பாவத்தால் வந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார்:

"ஏட்டி, எத்தற நாளாட்டு தெரியும்?"

"மூணு வாரம்."

"அதான் ரப்பருக்கு அப்பிடி உருகி ஜெபிச்சியா?"

நடுரோட்டில் நின்று அழுதேன். மைனி பின்னால் வந்துகொண்டிருந்தார். நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாகவே அழுதேன்.

அன்று சாயங்காலம் அவர்தான் முதலில் ஜெபித்தார். சுகம் வேண்டும் என்று கேட்டார். பயமாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு, "இவளுக்கு இன்னைக்கு கொஞ்சம் உறக்கம் குடும் ஆண்டவரே" என்றார். என் முறை வந்தது. மூன்று வாரமாகக் கேட்க முடியாததை அவர் காதுபடக் கேட்டேன். இவரை எடுத்துக்கொள்ளாதேயும் என்றேன்.

பதினோரு மாதம் கழித்து எடுத்துக்கொண்டார். எங்கள் சபையில் சுகம் கிடைத்தவர்கள்தான் சாட்சி சொல்வார்கள். என்னை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அந்தப் பதினோரு மாதமும் எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது, தினமும் அதை இரண்டு பேரும் சத்தமாக ஆண்டவரிடம் சொன்னோம், சொல்லிவிட்டு உறங்கினோம்.