பதினெட்டாவது வருஷத்து வெள்ளம்

பக்கத்து அறையில் கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. யின்லிங் பிசைந்துகொண்டிருந்த மாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"கைய எடுடா!"

மஞ்சள் மண் குன்றைக் குடைந்து கட்டிய அந்த வீட்டின் உள்ளறையில், மாடத்துப் புட்டியைப் பிடித்தபடி நின்றான் தேலின். எந்த ஓடை எவ்வளவு மண்ணை அரித்து வரும் என்று பள்ளத்தாக்கு முழுவதற்கும் கணினியில் கணக்குப் போடும் பொறியாளன்.

"சும்மா பாத்தேன் அத்தை. பாதிக்கு மேல சேறா இருக்கே!"

"என் புருஷன் உசிரு அது. வச்சிட்டு வெளிய வா."

அவள் கணவன் ஃபூஷெங் பதினெட்டு வருஷம் ஓடையை அளந்தவர். வெள்ளம் வரும்போதெல்லாம் நட்டாற்றில் இறங்கிப் புட்டியில் நீர் மொண்டு, அதிலுள்ள மண்ணை எடைபோட அனுப்புவது அவர் வேலை. பதினேழு வருஷமும் லிட்டருக்கு இருநூறு கிராமைத் தாண்டியதில்லை. கடைசி வெள்ளத்தில் மொண்ட இரண்டு புட்டிகளில் ஒன்று எண்ணூறு காட்டியது. மற்றொன்று மாடத்தில் இருக்கிறது. அவரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

அடுப்படிக்கு வந்ததும் தேலின் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"அந்தக் கடைசி எண்ணு மட்டும் எதோடயும் ஒட்ட மாட்டேங்குது. மாமா தடுமாறி அடிச்சேத்தை அள்ளிட்டாருன்னு கைநாட்டு வைங்க. நீக்கிடறேன்."

"நீக்கினா?"

"உங்க ஓடையில மண்ணு கம்மின்னு ஆகும். ஓடைக்குக் குறுக்க மண்ணைத் தடுக்கிற அணையை உசத்த வேண்டியதில்ல. முப்பது வருஷம் தாங்கும்."

மண் நிரம்பி அணை உடைந்தால் முதலில் போவது, அதற்கு நேர் கீழே இருந்த அவள் மகளின் வீடு.

"கம்மியா? அணைக்குப் பின்னால படிஞ்ச வண்டல்ல நட்ட மக்காச்சோளம் ஒரே மழையில கதிரோட மண்ணுல புதைஞ்சு போச்சு. உன் பொட்டி அதைப் பாத்துச்சா?"

"பொட்டிக்கு எண்ணுதான் தெரியும் அத்தை. பதினேழு வருஷ எண்ணும் மாமா குடுத்தது. அவரு பொய் சொல்ற ஆளா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் ஃபூஷெங்கின் படத்துக்கு மேலே சிவப்புப் பட்டயம் தொங்கியது: 'நேர்மையான அளவையாளர்'.

ஃபூஷெங்குக்குத் தண்ணீர் என்றால் பயம். பாறை மறைவில், கரையோரத்துத் தேங்கிய நீரைத்தான் மொண்டு அனுப்புவார். அது அவளுக்கு முதல் வருஷமே தெரியும். புருஷன் உயிரோடு இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்தக் கடைசி நாள், ஏதோ சண்டையில், "கரையில குந்தி மொள்ற நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கத்தினாள். அவர் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் கட்டிவிட்டு நட்டாற்றுக்கு நடந்தார். கயிற்றில் கட்டிய புட்டிகள் மட்டும் திரும்பி வந்தன.

"எழுதுடா. பதினேழு வருஷமும் பொய். கரைத் தண்ணி. இது ஒண்ணுதான் நெசம்."

தேலின் காகிதத்தைப் பின்னுக்கு இழுத்தான். "மாமா பேரு நாறிடும் அத்தை. பட்டயத்தைப் புடுங்க ஆள் வரும்."

"எவனும் வர வேணாம்." அவளே அதைப் பிய்த்து அவன் மடியில் வீசினாள். அவன் காகிதத்தைத் திருப்பி அவள் சொன்னதை எழுதியதும், மாவு ஒட்டிய பெருவிரலைச் சிவப்பு மையில் தோய்த்து அதில் அழுத்தினாள்.

"வெறும் பேச்சை மேலிடத்துல நம்ப மாட்டாங்க. அந்தப் புட்டியையும் எடை போடணும்…" என்றான் அவன்.

யின்லிங் உள்ளே போய், புட்டியை இரு கையாலும் தூக்கி வந்து அவன் மார்போடு வைத்து அழுத்தினாள்.

"எடை போட்டதும் ஒரு பொட்டு விடாம திருப்பிக் குடுக்கணும். கொட்டினே, உன்னை நட்டாத்துல மொள்ள அனுப்புவேன். போ! என் மூஞ்சியில முழிக்காதே!"

புட்டியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அவன் வாசலைத் தாண்டினான். அவள் கதவை அறைந்து சாத்தினாள்.