முப்பதடி தள்ளி நின்று எடுத்த படம்

அந்தப் படத்தின் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். படம் மிக அழகாக வந்திருக்கிறது. அதுதான் கோளாறு.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். நாட்டின் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த மத்திய அரசு குமாஸ்தா நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அமெச்சூர் புகைப்படக் குழுவோடு சுற்றுவேன். வெட்டவெளியில், வெயிலிலும் நிழலிலும் மனித முகங்களை எடுப்பதில் ஆசை. காமிராவோடு வந்த லென்ஸில் எடுத்தால், பின்னால் நிற்கும் விளக்குக் கம்பமும் பஸ்ஸும் முகத்தோடு போட்டி போட்டன. முகங்களுக்கென்றே ஒரு லென்ஸ் வாங்கத் தீர்மானித்தேன். எண்பத்தைந்து மில்லிமீட்டரா, இருநூறா என்பதில் வாரக்கணக்கில் குழம்பினேன். முதலாவது சிறியது, ஆனால் ஆளுக்கு ஆறேழு அடி அருகில் போய் நிற்க வேண்டும். இரண்டாவது கை வலிக்கும் கனம். முப்பதடி தள்ளி நின்றே எடுத்துவிடலாம், பின்னணி முழுக்கக் கரைந்துவிடும்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பஞ்சாபி அதிகாரி. இரண்டு லென்ஸும் அவரிடம் இருந்தன. எடுத்துப் பார்த்து முடிவு செய் என்று இரவல் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, குளிர்காலக் காலையில், எங்களை ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்புக்கு அழைத்துப் போனார். குடிசைகளை ஒட்டி பாராபுல்லா நாலா ஓடுகிறது, ஊர்ச் சாக்கடை எல்லாம் சேர்ந்து ஒரு நதி அகலத்துக்கு. இங்கே இருநூறைப் போடு, கிட்டே போக வேண்டாம், நாற்றமும் வராது, அவர்களுக்கும் தெரியாது என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே கேட்ட பேச்சு என் சொந்த பாஷை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

நின்றிருந்த லாரி ஒன்றின் மறைவிலிருந்து எடுத்தேன். ஒரு பெண் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்து, கண்களை மூடியிருந்தாள். பின்னால் நாலா. மூன்று முறை அழுத்திவிட்டு, மூக்கில் கர்சீப்பை வைத்துக்கொண்டு திரும்பினேன்.

பிரிண்ட் வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கறுப்புத் தண்ணீர் தங்கமாக மாறியிருந்தது. அதில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் பைகள் இளஞ்சிவப்பும் நீலமுமான வட்டங்களாக மிதந்தன. இருநூறுதான் என்று முடிவு செய்துவிட்டேன். தலைவர் அதற்கு 'சாந்தி' என்று பெயர் வைத்து, குழுவின் கண்காட்சியில் வாசலுக்கு நேர் எதிரே மாட்டினார்.

கண்காட்சியில் சால்வை போர்த்திய ஒரு அம்மாள், கையில் சமோசாவுடன் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பின்னால் தெரிவது என்ன பூக்கள் என்று கேட்டார். தலைவர் கூசாமல் காட்டுப் பூக்கள் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் வாயிலும் சமோசா இருந்தது. வெளியே போய்த் துப்பினேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு பிரிண்டையும் எண்பத்தைந்தையும் எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனேன். விசாரித்ததில் படத்தில் இருந்தவள் கிடைத்துவிட்டாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். டிபன்ஸ் காலனியில் நாலு வீடுகளில் வேலை செய்து திரும்பியிருந்தாள். நான் தமிழ் பேசியதும் சிரித்து, படத்தை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது பல்லு வலி வந்த அன்னிக்கு சார். உயிரே போச்சு. எங்கேருந்து எடுத்தீங்க?"

ரோட்டுப் பக்கம் கை காட்டினேன்.

"கிட்ட வந்து கேட்டிருந்தா தலையாச்சும் வாரிக்கிட்டு நின்னுருப்பேனே."

இப்போது எடுக்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய் வேறு புடவை கட்டி, பவுடர் பூசிக்கொண்டு வந்தாள். ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும், பின்னால் சாக்கடை தெரியக் கூடாது என்றாள். பக்கத்து வீட்டு நீலச் சுவர் முன்னால் நிறுத்தினேன். ஆறடியில் நின்றேன். காற்று திரும்பி, நாலாவின் வீச்சம் முகத்தில் அறைந்தது. எனக்குக் குமட்டியது. அடக்கப் பார்த்தும் தோள் குலுங்கிவிட்டது. அவள் பார்த்துவிட்டாள்.

"மூக்கைப் பொத்திக்கங்க சார், பரவால்ல. நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்."

அந்த நாற்றத்தைவிட எனக்கு என்மேல் வந்த அருவருப்பு அதிகம். பொத்திக்கொள்ளவில்லை. ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். எல்லாவற்றிலும் விறைப்பாக, நேராக லென்ஸைப் பார்த்தபடி நின்றாள்.

அன்று மாலையே தலைவரிடம் போய், அது பல்வலி, சாந்தி இல்லை, படத்தை இறக்கிவிடுங்கள் என்றேன். அவர் என் தோளில் தட்டி, "கிஸே பதா சலேகா?" என்றார். யாருக்குத் தெரியப்போகிறது! கண்காட்சி முடியும்வரை படம் அங்கேயே தொங்கியது. நானே கழற்றி எடுத்து வந்திருக்கலாம். செய்யவில்லை. முடிவில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கை நீட்டி வாங்கிக்கொண்டு, கைகூப்பவும் செய்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்குப் போகவில்லை. அவளுடைய படங்களில் இரண்டைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். ஒன்று ஊருக்குத் தபாலில் போனது.

எண்பத்தைந்துதான் வாங்கினேன். லோதி தோட்டத்திலும் தெருக்களிலும் பல வருஷம் அதை வைத்து எடுத்தேன். அந்த லென்ஸோடு ஒளிந்து நிற்க முடியாது. கிட்டே போய், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். சிலர் திட்டுவார்கள். சரி என்று திரும்பி நடப்பேன்.