வெள்ளியில் ஒரு குழாய்

ஆண்டவரிடம் கேட்டது கிடைக்காமல், கேட்டதைவிட நல்லது கிடைத்தவள் நான். என்னோடு சேர்ந்து நீங்களும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1985இல் எனக்குக் கலியாணமாகி ஆறு வருடம். முதல் வருடம் தங்கிய கரு அழிந்துபோனது. அதன் பின் வந்த காய்ச்சல் சுகமானது, ஆனால் வயிறு திறக்கவேயில்லை. எங்கள் ஊர் குருநகரில் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும் என்னைக் கூப்பிடாமல் விட்டார்கள். பாவம், என் மனம் நோகும் என்று நினைத்திருப்பார்கள். அதுதான் கூடுதலாக நொந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் அம்மா ஒரு தாளில் கருப்பையையும், இரு பக்கமும் வளைந்து போகும் கருக்குழாய்களையும் கீறிக் காட்டினார். வலது குழாய் வீங்கியிருந்தது. இடது ஒட்டிப் பிடித்திருந்தது.

நேரே அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். கண் சுகமானால் வெள்ளியில் கண், கால் சுகமானால் வெள்ளியில் கால் செய்து போடுவது எங்கள் வழக்கம். இரண்டு குழாயும் சுகமானால் வெள்ளியில் இரண்டு குழாய் போடுவதாக நேர்ந்தேன்.

அடுத்த முறை டொக்டர் அம்மா சொன்னார்: "பிள்ளை, வலது குழாயை எடுக்கவேணும். அதிலை தேங்கின நீர் கருப்பைக்குள்ளை வந்தால் கரு தங்காது. இடதைப் பிரிச்சு விட்டுப் பாப்பம். உறுதி சொல்லேலாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. டொக்டரில் அல்ல, அந்தோனியாரில். சுகம் கேட்டால் வெட்டச் சொல்வதா? வீட்டுக்கு வந்து அவருடைய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். என் கணவர் கடற்றொழிலாளி. படத்தைத் திருப்பி நேராக்கிவிட்டுச் சொன்னார்:

"ஓட்டை வள்ளத்தைக் கட்டி இழுத்தால் நல்ல வள்ளமும் தாழும். வெட்டட்டும். நான் பக்கத்திலை நிக்கிறன்."

வெட்டினார்கள். ஒப்பரேசன் தியேட்டருக்குள் போகும்போது செபமாலை சொல்ல வாய் வரவில்லை. "நீரே பாரும்" என்று மட்டும் சொன்னேன்.

மறு வருடம் நாள் தள்ளிப் போனது. கரு குழாயில் தங்கிவிட்டதோ என்று டொக்டர் அம்மாவே பயந்தார். கருப்பையில்தான் தங்கியிருந்தது. மகள் பிறந்தாள். நான் அழுத அழுகையில் பிள்ளையின் அழுகை கேட்கவில்லை என்று கணவர் இன்றும் பகிடி பண்ணுவார்.

டொக்டர் கீறிய தாளோடு நகை செய்யும் பத்தரிடம் போனேன்.

"தங்கச்சி, கண் செய்திருக்கிறன், கால் செய்திருக்கிறன். உதென்ன சாமான்?"

"பிள்ளை வாற வழி, அண்ணை."

அவர் வெட்கத்தில் தலை குனிந்துகொண்டார். "எத்தினை வேணும்?"

"நேர்ந்தது ரெண்டு. ஒண்டு போதும். மற்றதை அந்தோனியாரே எடுத்திட்டார்."

இப்போது அது அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் கண்கள், கால்களோடு தொங்குகிறது. வளைந்திருப்பதால் பலர் அதைத் தூண்டில் என்று நினைத்து, மீன்பாடு கேட்டுத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும், மீனும் அவர் கொடுப்பதுதானே.

ஆனால் பிள்ளைக்காக ஒளித்து அழுகிற சகோதரிகளே, வெட்கப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் போங்கள், கோயிலுக்கும் வாருங்கள். எப்படிச் சுகம் தரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். போன கிழமையும் ஒருத்தி அதைத் தொட்டுக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற என் மகள் சொன்னாள்:

"மாமி, உது தூண்டில் இல்லை. நான் வந்த வழி."