குவோஸ்தெனின் கையும் கடைசி இணைப்பும்

மிலுன்கா உஷித்சே நகரத்துச் சட்டை ஆலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவர். ஆலை மூடிய பிறகு குடிநீர் வாரியத்தில் பெருக்கும் வேலைக்கு வந்தார். பிளாஸ்டிக் குழாய்களைப் பற்றவைக்கும் இயந்திரத்தை ஆண்கள் அவசரமாக ஓட்டுவதை அங்கே பார்த்தார். அவர்கள் கழித்துப் போட்ட இணைப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போய், ரம்பத்தால் அறுத்து, எது ஏன் விட்டுப்போனது என்று ஆராய்ந்தார். இப்போது மலைக்கிராமங்களுக்கு அந்த இயந்திரம் போனால் அவரும் போவார். வண்டி ஓட்டுவது நான்.

அப்படி ஒரு கிராமத்தில் குவோஸ்தென் என்பவர் வீட்டுக்குக் குழாய் போட்டது பனி குறைந்த ஒரு வருஷம். கிணற்றில் சேறுதான் இருந்தது. மறுநாள் குடும்பப் புனிதரின் திருநாள். ஊரே சாப்பிட வரும். ஒரே ஓர் இணைப்பு பாக்கி. குழாய் அளவாகத்தான் எட்டியது. வண்டியில் வேறு துண்டு கிடையாது.

மிலுன்கா இரு நுனிகளையும் கவ்வியில் இறுக்கினார். நடுவில் நுனிகளைச் சீவும் தட்டை இறக்கி, பிளாஸ்டிக் சுருள் அறுபடாமல் நாடாவாக வரும்வரை ஓடவிட்டார். பிறகு அழுத்தமானியைப் பார்த்தபடி கவ்வியை மெல்ல நகர்த்தினார். சரிவில் கிடக்கும் குழாய் தன் எடையால் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பையும் சேர்த்துத்தான் அழுத்தம் வைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் அதைப் புதிதாக அளப்பார்.

குவோஸ்தென் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றுகொண்டே வந்தார். சீவிய முகப்பை விரலால் தடவினார்.

"கண்ணாடி மாதிரி இருக்கே, தங்கச்சி."

"கெடுத்தீங்களே அண்ணே. கையில கொழுப்பு. இனி ஒட்டாது."

"இதுக்கா கவலைப்படுற? என் பிளம் சாராயத்தால தொடச்சிடு."

"அதுல தண்ணி இருக்கு. குழாய்க்கு ஆகாது."

"என் சாராயத்துல தண்ணியா?" குவோஸ்தென் முகம் சிவந்தது.

"வருஷா வருஷம் நீங்க ஊத்துறது எனக்குத் தெரியாதா?" என்றார் ஜன்னலில் நின்ற அவர் மனைவி ஸ்தமெனா.

மிலுன்கா மறுபடி சீவினார். கொழுப்பு போய்விட்டதா என்று பார்க்க, குவோஸ்தென் மறுபடி தடவினார்.

மிலுன்கா குழாயின் நீளத்தை அளந்து பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு சீவல்தான் தாங்கும். அதுக்கப்புறம் குழாய் எட்டாது. அக்கா, இவர் கைக்கு ஏதாவது வேலை கொடுங்க."

ஸ்தமெனா திருநாள் ரொட்டிக்கான மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, கணவரை உட்காரவைத்து மடியில் வைத்தார். "பிசைங்க."

"ஆம்பள ரொட்டி பிசையுறதப் பாத்தா ஊர் சிரிக்கும்."

"தண்ணி இல்லாம விருந்து வச்சா இன்னும் நல்லாச் சிரிக்கும்."

இரண்டு கையும் மணிக்கட்டுவரை மாவில் புதைந்தன. மிலுன்கா கடைசி முறையாகச் சீவினார். நுனிகளைச் சேர்த்து, இடையில் வெளிச்சம் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். இழுப்பைத் திரும்ப அளந்தார். சூட்டுத்தட்டை நடுவில் வைத்ததும் இரு விளிம்பிலும் உருகிய பிளாஸ்டிக் உதடுபோலச் சீராக எழுந்தது. தட்டைச் சட்டென எடுத்து, நுனிகளைச் சேர்த்து, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினார்.

"முடிஞ்சுதா?"

"ஆறணும். பிசைங்க."

"மாவு போதும்னு சொல்லுது."

"குழாய் இன்னும் சொல்லல."

ஆறிய பிறகே கவ்வியைத் தளர்த்தினார். நான் கீழே போய் வால்வைத் திறந்தேன். முற்றத்துக் குழாய் இருமியது, கலங்கலாகத் துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீர் விழுந்தது. குவோஸ்தென் கை நீட்டினார்.

"முதல்ல குடம்," என்று ஸ்தமெனா அவரைத் தோளால் தள்ளினார்.

மிலுன்கா குழாய் கிடந்த பள்ளத்தை விட்டு ஏறவில்லை. குடங்கள் நிறையும்வரை இணைப்பின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. மண்ணைத் தள்ளச் சொன்னார்.