டிவி கூடாது என்று எழுதியவள்

என் எழுத்தைப் படித்துவிட்டு ஒருவர் உடனே மனம் மாறியது ஒரே ஒரு முறைதான். அது நான் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய கட்டுரை. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக எத்தனையோ எழுதியாயிற்று, யாரும் அப்படிச் சட்டென்று எதையும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் கட்டுரையோ எங்கள் வீட்டுக்கு வரவிருந்த டிவியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் தெருவில் மதுரை, தஞ்சாவூர், வேலூர் என்று எல்லா ஊர்ப் பேச்சும் கேட்கும். தொழிற்சாலையின் மனமகிழ் மன்றத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். அந்த வருஷத் தலைப்பு, தொலைக்காட்சி நன்மையா தீமையா. எந்தப் பக்கமும் எழுதலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். ஆனால் தீமை என்று எழுதினால்தான் பரிசு என்பது தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். நடுவர்கள் எல்லாரும் வீட்டில் டிவி வாங்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் அதன் முன்னால் பழியாய்க் கிடப்பதைப் பார்த்து வெந்துபோயிருந்தவர்கள். நான் தீமை என்றே எழுதினேன்.

சும்மா எழுதவில்லை, வெளுத்து வாங்கினேன். கண் கெடும், படிப்பு கெடும், பசி கெடும். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் டிவியே இல்லை என்பதால் கற்பனைக்குத் தடையே இருக்கவில்லை. முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் கேரியர் கிடைத்தது. கட்டுரையை மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஷிப்டு முடிந்து வந்த அப்பா சைக்கிளை நிறுத்தி அதை முழுக்கப் படித்தார்.

அந்த மாதம்தான் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்கு டிவி கேட்டு மனு கொடுத்திருந்தார். அம்பத்தூர்க் கடை ஒன்றில் எந்தப் பெட்டி என்றுகூடப் பார்த்து வைத்தாயிற்று. மறுநாள் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றும்போதே சொன்னார்.

"நல்லா எழுதியிருக்கட்டி. நான்தான் இதையெல்லாம் யோசிக்காம இருந்துட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர் என் தலையில் தட்டிக் கொடுத்தார். விஷயம் தெரிந்த தம்பி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். சாப்பாட்டுத் தட்டைக்கூட நான் நீட்டினால் வாங்கமாட்டான்.

சரி, எதிர்வீடு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள். கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய் வந்து பிரியாணி ஆக்கிச் சாப்பிட்டு, சாயங்காலம் படம் போடும் நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்தாளென்றால் பாதித் தெரு அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும். நானும் வழக்கம்போல் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, டிவி கெடுதல்னு நீதானே எய்தி கேரியர் வாங்கினே? அப்பறம் இன்னாத்துக்கு இங்க வந்துகீறே? கண்ணு கெட்டுப்பூடும், ஊட்டுக்குப் போ!"

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார இடமும் காட்டினாள். ஆனால் தரையில் இருந்த வாண்டுகள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டன. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று திரும்பி வந்து எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். பாட்டுச் சத்தம் மட்டும் தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த அழுகை, பிற்காலத்தில் பெரிய பெரிய விஷயங்களுக்குக்கூட வந்ததில்லை.

எழுதிக் கெடுத்ததை எழுதித்தான் சரிசெய்யவேண்டும் என்று முடிவு செய்தேன். வாயால் கேட்டால் அப்பாவிடம் ஒன்றும் நடக்காது. அவருக்குத் தொழிற்சாலையில் உருப்படிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. அளந்து பார்க்காமல் எதையும் ஏற்றுக்கொள்ளமாட்டார். தேறாததற்குச் சிவப்புச் சாயம் பூசி ஒதுக்குவார், திருத்தினால் தேறும் என்பதை 'ரீவொர்க்' என்று எழுதிச் செய்தவனிடமே திருப்பி அனுப்புவார். வீட்டிலும் அவர் சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும்.

'தொலைக்காட்சியின் நன்மைகள்' என்று தலைப்பிட்டு, முன்னுரையும் முடிவுரையும் வைத்து, அறிவியலின் அருட்கொடை என்றெல்லாம் அளந்துவிட்டேன். அப்பா மடியில் எழுதும் பலகையை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். 'உலகையே நம் வீட்டுக்குள் கொண்டுவரும்' என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது.

"இதுக்கு என்னட்டி ஆதாரம்?"

என்னிடம் ஆதாரம் இல்லை. கடைசியில் 'ரீவொர்க்' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த கட்டுரையில் செய்தி, விவசாயம், பள்ளிப் பாடம் என்று உருப்படியான காரணங்களாக அடுக்கினேன். செய்தி ரேடியோவிலேயே வருகிறது என்றார். "விவசாயமா? இங்க நமக்கு என்ன வயலா இருக்கு?" என்றார். பள்ளிப் பாடத்துக்கு வந்தபோது நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"படிப்பு கெடும்னு நீதான எழுதின? அதுல சொன்னது சரியா, இதுல சொன்னது சரியா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். எதிராளி அப்பா இல்லை, நான்தான். பரிசு வாங்கிய என்னோடு மோதி ஜெயிக்க எனக்குத் தெம்பில்லை. அந்தத் தாளும் 'ரீவொர்க்' ஆகி வந்தது.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் படியே கதி என்று உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லாததால் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். அம்மாவும் படம் பார்க்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் எப்போதும் உள்ளே தரையில், டிவிக்கு முன்னால் இருந்தேனே தவிர, அவள் எங்கே இருந்து பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் வீட்டுக்குள் போகவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, கையில் அரிசி முறத்தோடு நின்றாள்.

"உள்ள வாக்கா, இன்னாத்துக்கு வெளியே நின்னுகினு கீறே?" என்று எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்கும்.

"இருக்கட்டும், கல்லு பொறுக்கணும்" என்பாள் அம்மா.

கல் பொறுக்குவதெல்லாம் சும்மா. ஜன்னலுக்குள் கொஞ்சம் பார்ப்பாள், உடனே திரும்பித் தெருக்கோடியைப் பார்ப்பாள். உள்ளே உட்கார்ந்தால் தெரு தெரியாது. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் உண்டு, எப்போது முடியும் என்று சொல்லமுடியாது. தெருக்கோடியில் தூண்கள் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவர் சைக்கிள் திரும்பியதும் அம்மா முறத்தை இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடி வந்துவிடுவாள். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் அடுப்பில் தோசைக்கல் ஏறியிருக்கும். களைத்து வருகிற மனுஷன் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக்கூடாது என்பது அவள் கணக்கு. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

ராத்திரி பாய் விரிக்கும்போது தம்பியிடம் மெதுவாகக் கேட்பாள்.

"ஏல, கடைசியில என்ன ஆச்சு?"

அவன் எல்லாப் படத்துக்கும் ஒரே முடிவுதான் சொல்வான். "எல்லாரும் ஒண்ணா சேந்துட்டாங்கம்மா." அவளும் நிம்மதியாகத் தூங்கப் போவாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை என் காதுபட நடந்த பேச்சு இது. அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு வைக்கவில்லை. முன்னுரையும் கிடையாது. 'அம்மா ஞாயிற்றுக்கிழமைப் படத்தை எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உங்கள் சைக்கிள் தெரிந்ததும் ஓடி வந்துவிடுகிறாள். ஒரு படத்துக்கும் அவள் முடிவைப் பார்த்ததில்லை. நம் வீட்டில் டிவி இருந்தால் தோசை சுட்டுக்கொண்டே பார்ப்பாள்.' அவ்வளவுதான் எழுதினேன், அரைப் பக்கம்கூட வரவில்லை.

அப்பா படித்தார். பென்சில் கையில் இருந்தது, ஆனால் தாளில் படவில்லை. ரீவொர்க் என்றும் எழுதவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் பாதிகூட ஓடியிருக்காது, தொட்டிப் பக்கம் அப்பா தெரிந்தார். வழக்கத்தைவிட ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டார். தெருவுக்குள் திரும்பவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, தொட்டியின் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அங்கிருந்து அவருக்கு ஜன்னல் தெரியும். ஜன்னலில் இருந்து அவர் தெரியமாட்டார். எங்கள் படியில் இருந்த எனக்கு இரண்டு பேருமே தெரிந்தார்கள். அளந்து பார்க்க வந்திருக்கிறார் என்று புரிந்தது.

அம்மா எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள்ளேயே கழுத்தைத் திருப்பித் தெருக்கோடியைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ஜன்னல். கொஞ்ச நேரத்தில் மறுபடி தெரு. அப்பா அசையாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மணி அடித்துவிடாமல் கையால் மூடிக்கொண்டு, சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

படம் முடிந்து பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் அம்மா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். "ஒங்கப்பா இன்னும் வரலையா?" என்று கேட்டபோது முகம் பளபளவென்று இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நன்றாக இருட்டிய பிறகு அப்பா வந்தார். இன்றைக்கு வேலை கொஞ்சம் ஜாஸ்தி என்றார். மறுநாளே சங்கத்தில் மறுபடி மனு கொடுத்தார். ஆனால் பெட்டி வந்து சேர மாதங்கள் ஆயின. அதுவரைக்கும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை ஜாஸ்தியாகத்தான் இருந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பா தாமதமாக வந்த அந்த முதல் ராத்திரி அம்மா தம்பியிடம் முடிவு கேட்கவில்லை. தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, படத்தின் கதையை அப்பாவுக்கே சொல்ல ஆரம்பித்தாள். கதை கேட்கிற பழக்கமே இல்லாத மனுஷர், தோசையைப் பிய்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள் வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

"சொல்லு," என்றார் அப்பா, "கடைசியில என்ன ஆச்சு?"