முருகனுக்கு ஒரு தாள்

சுவிட்சர்லாந்தில், ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படியில் நிற்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிவநேசன். அவருக்குப் பின்னால் சுவரில் இருக்கும் முருகன் படத்தை ஒரு வெள்ளைத் தாள் மறைத்திருக்கிறது.

“ஏங்க, சாமியை ஏன் மூடி வச்சிருக்கீங்க?”

“மாட்டிறைச்சி அவியுது தம்பி. முதல் நாள் மூடேக்க முதலாளியம்மா, ஜப்பான்காரி, சிரிப்பாவெண்டு பயந்தன். அவ சிரிக்கேல்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி, மெய்ஜி அரசர் காலத்தில, வெள்ளைக்காரர் மாதிரி முன்னேற வேணுமெண்டு அவையின்ர அரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டவராம். சனமும் பழகிட்டுதாம். ஆனா வீட்டில சமைக்கேக்க சாமி மாடத்தைத் தாளால மூடினவையாம்.”

“இப்பவும் மூடுறாங்களா?”

“இல்லை, அதெல்லாம் எப்பவோ விட்டாச்சாம்.”

சட்டி இறங்கியதும் தாளை எடுத்துவிடுகிறார். எனக்குக் காய்கறி நூடுல்ஸ் வருகிறது. என் ஊர் மதுரையில் இப்போது வெயில் எப்படி என்று கேட்டுக்கொண்டே அடுத்த சட்டியில் இறைச்சியைப் போடுகிறார், படத்தை மறந்துவிட்டார்.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா எழுந்து வருகிறார். ஒரு தாளைக் கிழித்து முருகனை மூடுகிறார். பிறகு, பொறுத்துக்கொள் என்பதுபோல, படத்துக்கு முன்னால் லேசாகக் குனிந்து நிமிர்கிறார்.